மாப்ளைக்கு ஒரு லெட்டர், ஃப்ரெடி மெர்குரிய பத்தி

ஏல மாப்ளே,

நல்லா இருக்கியா, தங்கச்சி பிள்ளைய எல்லாம் சொகந்தானே. நீ மகாராஷ்டிரால பஞ்ச்கனி போயிட்டு வந்து அனுப்புன போட்டோ பூராம் பாத்தேன், ஃப்ரெடி மெர்குரி படிச்ச அந்த செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல் காம்பவுண்டு பக்கத்துல நீ நிக்க போட்டோவ மட்டும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்துக்கிட்டே இருந்தேன். கீழ ஒரு கேள்வி கேட்டிருந்த பாத்தியா, செத்து முப்பது வருசத்துக்கு மேல ஆவுது, இங்கிலாந்து க்வீன் பேண்டுல பாடுன இந்தாள இன்னும் ஏம்ல இப்பிடிக் கொண்டாடுதானுவ, எல்லாம் 2018ல அவனப் பத்தி வந்த 'போஹீமியன் ராப்சடி' படத்தாலதானான்னு. அதுக்கு ரெண்டு வரில பதில் போட மனசு வரல. மைக் செட் கடைல இன்னைக்குப் பெருசா சோலி இல்ல, அதான் உக்காந்து நீளமா அடிக்கேன், நீ ட்ரெயின்ல போவும்போது பைய படி.

மொதல்ல வீட்டு சேதி. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுட்டு, இப்பம் நான் தாடி எடுக்கலன்னா தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சு சத்தம் போடுதாவ. உன் மருமவன் படிப்ப முடிச்சிட்டு கடைக்கு வந்து உக்காருதான், மிக்சர் எல்லாம் அவந்தான் பாக்கான், என்ன விட காது நல்லா இருக்கு அவனுக்கு. குழாய் ஸ்பீக்கர் கட்டுத சோலி கொறஞ்சு போச்சு மாப்ளே, எல்லாருக்கும் பாக்ஸ்தான் வேணும். 2023 டிசம்பர் வெள்ளத்துல ஜங்ஷன் பக்கம் தண்ணி ஏறுனப்பம் கடைக்குள்ளயும் வந்துட்டுன்னு சொன்னேம்லா, அதுல போன ஆம்ப்ளிஃபயர எல்லாம் ஒருவழியா சரி பண்ணிட்டோம், ஆனா கேசட் பெட்டி போனது போனதுதான். உங்க சித்தப்பா தாராவில இருந்து லீவுக்கு வரும்போது கொண்டு வந்து தந்த அந்த க்வீன் பாட்டு டிடிகே கேசட்டும் அதுலதான் கெடந்துச்சு.

சரி, உன் கேள்விக்கு வாரேன். படத்தால இல்லல. படம் வரதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடி, நாம காலேஜ் படிக்கும்போதே, ஒரு வார்த்தை அர்த்தம் புரியாம அந்தக் கேசட்ட தேயத் தேயப் போட்டோமே, அது எதுக்கு? எங்க அப்பா கூட ரெண்டு நிமிசம் நின்னு கேட்டுட்டு, யாருல இவன், மைக்க நம்பாம பாடுதானேன்னு சொன்னாவ. மைக் செட்காரன் வாயில இருந்து வந்த அந்த ஒரு பேச்ச விட பெரிய பாராட்டு நான் கேட்டதில்ல. மைக்க நம்பிப் பாடுதவன் வாய்க்குள்ள முனங்குவான், மத்தத ஆபரேட்டர் பாத்துக்கிடட்டும்னு விட்ருவான். இந்தாளு கடைசி வரிசைல நிக்கவனுக்கு மைக்கே இல்லாட்டியும் கேக்கணும்னு பாடுதான்.

எனக்கு இதுல தோணுதது ஒண்ணே ஒண்ணுதான். அவன் பாட்டுல கேக்கவனுக்குன்னு ஒரு எடத்த ஒதுக்கி வச்சிட்டுப் போயிருக்கான், அந்த எடத்துல ஒவ்வொரு தலைமுறையா பிள்ளைய வந்து நின்னுக்கிடுது. நீ 1985 ஜூலை 13 லைவ் எயிட்ங்கிற நிதிக் கச்சேரி வீடியோவ மறுபடி எடுத்துப் பாரு. லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல 72,000 பேரு, சாயங்காலம், சூரியன் இன்னும் எறங்கல, லைட்டு போட்டு மயக்கவும் வழி கெடையாது, கெடச்சது மொத்தமே இருவது நிமிசத்து சொச்சம். அதுக்காவ க்வீன்காரனுவ முன்னாடியே ஒரு தியேட்டர எடுத்து கடிகாரத்த வச்சிக்கிட்டு ரிகர்சல் பாத்துட்டு வந்துருக்கானுவ, அந்த ஒழுங்க முதல்ல சொல்லணும். அவ்வளவு கொஞ்ச நேரத்துலயும் மனுசன் ஒரு பாட்டையும் பாடாம நடுவுல நின்னு சும்மா "ஏ...ஓ"ன்னு ஒரு இழுப்பு இழுக்கான், கூட்டம் திருப்பிச் சொல்லுது, இன்னொண்ணு கொஞ்சம் வளைச்சு இழுக்கான், கூட்டமும் வளைக்குது. வேற யாரா இருந்தாலும் அந்த நேரத்துல இன்னொரு ஹிட்டுப் பாட்ட சொருவியிருப்பான். இவன் அத தூக்கிக் கூட்டத்துக்குக் குடுத்தான்.

இத நாம பாத்ததில்லையா மாப்ளே? சுடலைமாடன் கொடைல ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பாதிச் சனம் மணல்லயே துண்ட விரிச்சுத் தூங்கிரும், வில்லுப்பாட்டுக்காரர் குரல ஏத்தி கதைய ஒரு உச்சத்துக்குக் கொண்டுபோயி நிப்பாட்டி, தாய்மாரே குலவை போடுங்கன்னு ஒரு கேள்வி கேப்பாரு பாரு, தூங்குன பாட்டி எல்லாம் எந்திச்சு உக்காந்து குலவை போடும், கோயிலே அதிரும். நான் சின்னப் பிள்ளைல இருந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல உக்காந்து அதக் கேட்டவன். வில்லுல அடிக்கவரு, குடம் தட்டுதவரு, "ஆமா" சொல்லுதவரு எல்லாரும் இருந்தாலும் அந்தக் குலவை இல்லன்னா கத நெறவு ஆவாது. வெம்ப்ளில நான் பாத்ததும் அதத்தான். பாடுதவன் தன்ன பெருசாக் காட்டுதான்னு மேலோட்டமா பாத்தாத் தெரியும், ஆனா நெசத்துல அவன் கூட்டத்தத்தான் பெருசாக்குதான்.

இது தற்செயலா நடந்ததும் இல்ல. 1977ல இங்கிலாந்துல ஒரு ஹால்ல கச்சேரி முடிஞ்சு இவனுவ மேடைய விட்டு எறங்குன பொறவும் சனம் கலையாம, புட்பால் மேட்ச்சுல பாடுத பாட்ட இவனுவளுக்குப் பாடிக்காட்டிருக்கு. அதக் கேட்டுட்டுதான் கிட்டார் வாசிக்க பிரையன் மே, கூட்டம் கால மிதிச்சுக் கையத் தட்டியே வாசிக்கிற மாதிரி ஒண்ணு போடணும்னு 'வி வில் ராக் யூ'வ எழுதுனான். டம் டம் டப்பு, அவ்வளவுதான், அதுல முக்காவாசிக்கு வேற வாத்தியமே இல்ல. ஸ்டுடியோல கொஞ்சம் பேரு மிதிச்சதயே பெரிய கூட்டமாக் காட்ட, எக்கோவா இல்லாம தனித்தனி டிலேயா, அதாவது கொஞ்சம் கொஞ்சம் பிந்தி வார சத்தமா, பகா எண் கணக்குல தூரம் வச்சு அடுக்கிருக்கான். பிசிக்ஸ் படிச்ச ஆளுல்லா, பொறவு 2007ல பாதில விட்ட டாக்டர் பட்டத்தயும் முடிச்சான். நம்ம பக்கம் ஸ்போர்ட்ஸ் டேல மர பெஞ்சுல உக்காந்துக்கிட்டு பிள்ளைய டம் டம் டப்புன்னு அடிக்குதுவளே, அதுல பாதிக்கு க்வீன்னு ஒரு பேண்டு இருந்ததே தெரியாது. தெரியாமலே அந்த எடத்துல வந்து நிக்குதுவ பாத்தியா.

அந்த நாலு பேரயும் சேத்துத்தான் எனக்குப் பிடிக்கும். பிரையனும் அவன் அப்பாவும் குளிருக்குத் தீ மூட்டுத கணப்புக்கு மேல இருந்த பழைய மரச்சட்டத்த வச்சு வீட்டுலயே செஞ்ச கிட்டாரத்தான் இன்னும் வாசிக்கான். பேஸ் கிட்டார் வாசிச்ச ஜான் டீக்கன் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், குப்பைத்தொட்டில கெடந்த ஒரு சர்க்யூட் போர்ட எடுத்து சின்ன ஆம்ப்ளிஃபயரா ஆக்கிட்டான், அது எத்தனையோ ரெக்கார்டுல பேசியிருக்கு. இதப் படிச்சன்னைக்கு எனக்கு எங்க அப்பா ஞாபகம் வந்து தொண்ட அடச்சிட்டு, அவியளும் டிரான்ஸ்ஃபார்மர கையால சுத்தி சுத்தித்தானே கடைய நடத்துனாவ.

ஃப்ரெடி மைக் ஸ்டாண்டு விசயமும் அப்பிடித்தான். ஆரம்பத்துல ஒரு கச்சேரி நடுவுல ஸ்டாண்டு ரெண்டாக் கழண்டு போச்சு, மனுசன் மேல் பாதிக் கம்பியோட அப்பிடியே பாட்ட முடிச்சான், பொறவு கடைசி வரைக்கும் அந்த அரைக் கம்பிதான். அடித்தட்டு இருந்தா ஒரே எடத்துல நிக்கணும், கம்பி மட்டும்னா மேடை பூராம் அவனுக்குச் சொந்தம்.

குரல பத்தியும் கேட்டிருந்த. அவனுக்கு வாயில நாலு பல்லு கூடுதலா இருந்துச்சு, முன்பல்லு துருத்திக்கிட்டு நிக்கும், சின்னதுல அத வச்சே பயலுவ கேலி பண்ணிருக்கானுவ. காசு பணம் எல்லாம் வந்த பொறவும் பல்ல சரி பண்ண மாட்டேன்னுட்டான், குரல் மாறிரும்னு பயம். அழகு வேணுமா குரல் வேணுமான்னு வந்தப்பம் குரலத்தான் எடுத்தான். 1975ல 'போஹீமியன் ராப்சடி' பாட்டு வந்துதுலா, கிட்டத்தட்ட 6 நிமிசம், ரேடியோல போட மாட்டாவன்னு எல்லாரும் சொன்னாவ, அதுவே இங்கிலாந்துல 9 வாரம் முதல் எடத்துல நின்னுச்சு. நடுவுல வர ஓபரா கூட்டம் முழுக்க மூணே பேரு, ஃப்ரெடி, பிரையன், டிரம்ஸ் ரோஜர் டெய்லர், ஒரு குரலுக்கு மேல ஒரு குரலா ஏத்தி ஏத்தி டேப்பே தேஞ்சு போச்சு. அதுல பிஸ்மில்லான்னு வரும்போது நம்ம மேலப்பாளையத்துக் கூட்டாளி துள்ளிக் குதிச்சது ஞாபகம் இருக்கா.

பஞ்ச்கனில அவன் பாடகன் கூட இல்ல மாப்ளே, ஸ்கூல் பேண்டுல பின்னால உக்காந்து பியானோ வாசிச்ச பையன். 1946ல ஆப்பிரிக்கா பக்கத்துல சான்சிபார் தீவுல பொறந்த பார்சிப் பிள்ள, வீட்டுல வச்ச பேரு ஃபரோக் புல்சாரா, எட்டு வயசுல அம்மா அப்பாவ விட்டுட்டு கப்பல் ஏறி அம்புட்டு தூரத்துல வந்து ஹாஸ்டல்ல கெடந்துருக்கான். திரும்பிப் போயி கொஞ்ச நாள்ல, 1964ல, அங்க புரட்சின்னு ஊரே பத்தி எரிஞ்சு, குடும்பம் கையில கெடச்சத எடுத்துக்கிட்டு லண்டன் பக்கத்துல ஃபெல்தாம்னு ஒரு எடத்துக்குப் போவுது. சொந்த ஊருன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லாமப் போனவன். ஸ்டேடியத்துல இருக்க அத்தன பேரயும் தன் ஆளா ஆக்கிக்கிடணும்னு அவனுக்கு அப்பிடி ஒரு வெறி எங்க இருந்து வந்துச்சுன்னு நான் யோசிக்கும்போது இதுதான் மனசுல ஓடும், பம்பாய்ல போயி நின்ன உனக்கு இது என்ன விட நல்லாப் புரியும்.

கடைசிக் காலத்த எழுதணும்னா கை நிக்குது. 1986 ஆகஸ்ட் 9 இங்கிலாந்துல நெப்வொர்த்ல பாடுனதுதான் க்வீனோட அவன் கடைசி மேடை. பொறவு நோய். உடம்பு இளச்சுக்கிட்டே போவுது, அவன் ஸ்டுடியோல பாடிக்கிட்டே இருக்கான். 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' அவ்வளவு உச்சத்துல போவுதே, இந்த உடம்போட எப்பிடிப் பாடுவான்னு பிரையனே தயங்கிருக்கான், இவன் ஒரு மடக்கு வோட்காவ ஊத்திக்கிட்டுப் போயி ஒரே மூச்சுல பாடிட்டு வந்துட்டான். நீ அந்தப் பாட்ட ஹெட்போன்ல கேளு, நோயாளி குரல்னு ஒரு எடத்துலயாவது தெரியுதான்னு சொல்லு. 1991 மே மாசம் சுவிட்சர்லாந்து மோன்ட்ரோல 'மதர் லவ்'னு ஒண்ணு, கடைசி சரணத்துக்கு முன்னால முடியல, பொறவு வந்து பாடுதேன்னு போனவன் வரவே இல்ல, அந்த சரணத்த பிரையன்தான் பாடுனான்.

எய்ட்ஸ்னு ஒத்துக்கிட்டு அறிக்கை விட்டது 1991 நவம்பர் 23, மறுநா சாயங்காலம் போயிட்டான், வயசு 45. நாம காலேஜ் லைப்ரரில இங்கிலீஷ் பேப்பர்ல பாத்துட்டு ஒண்ணும் பேசாம வண்ணார்பேட்ட வரைக்கும் நடந்தோம்லா. அந்தக் காலத்துல நம்ம ஊர்ல அந்த நோய் பேர சத்தமாக் கூட சொல்ல மாட்டாவ. 1986லதான் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டி, நிர்மலாங்கிற மாணவி ரத்தம் எடுத்து சேகரிச்சு, இந்தியாவுல இந்தக் கிருமி இருக்குன்னே மொத மொத தெரிஞ்சுது. எங்க தெரு லாரி டிரைவர் ஒருத்தரு அதுல போனப்பம் தூக்க ஆளு வரல, எங்க அப்பாவும் இன்னும் கொஞ்சம் பேருமாத்தான் தூக்குனாவ. இங்கிலாந்துலயும் அவன கேவலமா எழுதுன பேப்பருவ இருந்துச்சு. ஆனா 1992 ஏப்ரல் 20ல அதே வெம்ப்ளில, அவன் இல்லாத மேடைல அவன் பாட்ட பெரிய பெரிய பாடகருவ எல்லாம் வந்து பாடுனாவ, அந்தக் காச வச்சுத் தொடங்குன மெர்குரி ஃபீனிக்ஸ் ட்ரஸ்ட் எய்ட்ஸ் ஒழிப்புக்கு இன்னைக்கும் செலவழிச்சுக்கிட்டு இருக்கு. எனக்கு அந்தக் கச்சேரில பாடுன யாரு மேலயும் கொற இல்ல, நல்லாத்தான் பாடுனாவ, ஆனா எல்லாரும் பாட்ட பாடுனாவளே ஒழிய அந்தக் கூட்டத்த அவன் மாதிரி கையில எடுக்க ஒருத்தராலயும் முடியல.

உன் மருமவனுக்கு இருவத்தி சொச்சம் வயசு. போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்துல செட்டிங் முடிச்சிட்டு டெஸ்டிங்குக்கு அவன் போட்டது ரஹ்மான் பாட்டும் இல்ல, ராஜா பாட்டும் இல்ல, அந்த வெம்ப்ளி "ஏ...ஓ" பிட்டுதான். பந்திக்கு எல போட்டுக்கிட்டு இருந்த பயலுவ திரும்பிப் பாத்து பதிலுக்கு "ஏ...ஓ"ங்கானுவ. யாருலன்னு கேட்டா தெரியாதுங்கானுவ. நீ படத்தாலயான்னு கேட்டப்பம் எனக்கு உடனே அந்தப் பயலுவ மூஞ்சிதான் வந்துச்சு.

ஆடிக் கொடைக்கு இந்தத் தடவ நீ வந்தே ஆவணும், நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல இப்பமே டிக்கெட்டப் பாத்து வையி, பொறவு வெயிட்டிங் லிஸ்ட்டு அது இதுன்னு சொல்லாத. தங்கச்சி பிள்ளையளயும் கூட்டிட்டு வா, அம்மா உன்ன ரொம்பத் தேடுதாவ. லைவ் எயிட் முழுசும் நல்ல குவாலிட்டில உன் கிட்ட இருந்தா பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டு வா, புதுசா ரெண்டு பாக்ஸ் எறக்கிருக்கேன், பேஸ் நல்லா நிக்குது.

உன் மச்சான்
பாளையங்கோட்டை