மூன்றில் இரண்டும் ஓர் அந்தர் யூரியாவும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அண்மைக் காலமாக ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. இன்றைய அரசிடம் பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 159, அதாவது மூன்றில் இரண்டுக்கு மேல், இருப்பதால், ஆணைக்குழு, பேரவை, நீதிமன்றம் என்று பார்த்துக்கொண்டிராமல் வேண்டியதை மளமளவென்று செய்து முடிக்க வேண்டும் என்பதே அது. எழுதியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இதே வேண்டுகோளை, ஏறத்தாழ இதே சொற்களில், 2019 இலும் 2020 இலும் நாடு முழுவதும் கேட்டோம். அதன் பின் நடந்தவற்றில் ஒரு சிறு பகுதியை வயல் வரம்பில் நின்று பார்த்த விவசாயப் போதனாசிரியன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்து 260 பேருக்கு மேல் இறந்தனர். தாக்குதல் நடக்கலாம் என்று இந்தியா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை உரியவர்களின் மேசைகளில் கிடந்தது. அதைப் பொருட்படுத்தாதவர்கள் யார் என்பதே நாடு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் மேடைகளில் எழுந்த கேள்வி வேறாக இருந்தது: அதிகாரத்தை ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பங்கு போட்டுக் கொடுத்த, அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தமே நாட்டைப் பலவீனப்படுத்தியது, இனி ஒரே கை வேண்டும் என்றார்கள். அந்த 19 ஆவது திருத்தம் இருந்தபடியால்தான், முந்திய ஆண்டு சட்டத்துக்கு மாறாகக் கலைக்கப்பட்ட பாராளுமன்றத்தை 2018 டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஏகமனதாக மீட்டுத் தர முடிந்தது என்பதை, ஐந்து மாதத்திற்குள் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அச்சம் வந்தால் மனிதருக்கு ஞாபகம் குறையும் போலும்.

அந்த அச்சத்தின் மேல் 69 இலட்சம் வாக்குகளோடு கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். ஒரு மாதத்திற்குள் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாய் புரட்டும் வணிகருக்கு இருந்த வரிப்பதிவுக் கட்டாயம் 30 கோடிக்கு உயர்த்தப்பட்டது. அன்று மகிழாதவர் யார்? நானுந்தான் மகிழ்ந்தேன். அடுத்து கொவிட் வந்தது. 2020 மார்ச்சில் கலைந்த பாராளுமன்றம் ஓகஸ்ட் வரை கூடாமலிருக்க, நாடு செயலணிகளால் ஆளப்பட்டது. நோய்த் தடுப்பு நடவடிக்கைகளுக்கு இராணுவத் தளபதி தலைமை தாங்கினார். கிழக்கு மாகாணத்தின் தொல்பொருட்களைப் பார்க்க அமைத்த செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. 2020 ஒக்டோபர் 22 அன்று 156 வாக்குகளால் 20 ஆவது திருத்தம் நிறைவேறியது. நீதியரசர்களையும் ஆணைக்குழு உறுப்பினர்களையும் நியமிப்பதில் இணக்கம் தெரிவிக்கும் அதிகாரம் பெற்றிருந்த அரசியலமைப்புப் பேரவை போய், அவதானிப்பை மட்டும் சொல்லக்கூடிய ஐவர் அடங்கிய பாராளுமன்றப் பேரவை வந்தது. அதாவது, 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராக அறையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்கள்.

எனது தொழிலுக்கு அதன் விளைவு 2021 மேயில், இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த வர்த்தமானியாக வந்தது. தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் படிப்படியாக என்று சொல்லப்பட்டிருந்த மாற்றம், டொலர் தட்டுப்பாடு தொடங்கியதும் ஒரே இரவில் நடந்தது. இதிலுள்ள கணக்கு மிக எளியது. ஓர் அந்தர் (50 கிலோ) யூரியாவில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ நைதரசன் உண்டு. நல்ல கூட்டெருவில் அது ஒன்று முதல் இரண்டு சதவீதந்தான். அந்த ஒரு பைக்கு ஈடாக ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதுவும் பயிர் கேட்கும் நாளில் அல்ல, தான் உக்கும் வேகத்தில்தான் நைதரசனைக் கொடுக்கும். விவசாயக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த இக்கணக்கைச் சொன்ன பேராசிரியர்கள் நாட்டில் இருந்தார்கள். கேட்கக் கடமைப்பட்ட சபைதான் இருக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தது, கூட்டெருக் குவியல் அமைப்பது எப்படி என்று விவசாயிகளுக்குக் காட்டிக் கொடுக்கும்படியான அறிவுறுத்தல்.

அந்தக் காலபோகத்தில் (மாரிக்கால நெற்பருவத்தில்) இரணைமடுக் குளத்தின் கீழ் உள்ள ஒரு வயலுக்கு, விதைத்து ஆறாவது கிழமை போயிருந்தேன். அடியிலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாகிக்கொண்டு வந்திருந்தன, மட்டம் (பக்கக் கிளை) வெடிக்கவில்லை. வயற்காரர் ஒரு தாளைப் பிடுங்கி என் கையில் தந்துவிட்டு, "ஐயா, இதுக்கு என்ன வருத்தம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று மட்டும் கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகள் இலை நிறத்தைப் பார்த்து எத்தனை கிலோ போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லி வந்தவன் நான். அன்று வாயைத் திறக்காமல் திரும்பி வந்தேன். நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது, போட வேண்டிய யூரியா நாட்டில் இருக்கவில்லை. அறுவடைக்குச் சற்று முன்னர் நட்ட ஈடு தருவதாக அரசே அறிவிக்க நேர்ந்தது.

வெளிநாடுகளோடு நடந்ததும் இதே கதைதான். தானே இணை அனுசரணை வழங்கிய ஐ.நா. மனித உரிமைகள் பேரவைத் தீர்மானத்திலிருந்து 2020 பெப்ரவரியில் அரசு விலகியது. கையெழுத்து வைத்தது முந்திய அரசு என்பதே போதிய காரணமாகச் சொல்லப்பட்டது. 0.1 சதவீத வட்டிக்கு 40 ஆண்டுத் தவணையில் ஜப்பான் கடன் கொடுத்த கொழும்பு இலகு ரயில் திட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. இந்தியாவோடும் ஜப்பானோடும் 2019 இல் செய்த, கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனைய உடன்படிக்கை 2021 பெப்ரவரியில் கைவிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் மேடையில் கைதட்டல் கிடைத்தது. அதே பெப்ரவரியில், கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரித்தே ஆகவேண்டும் என்று ஏறத்தாழ ஓர் ஆண்டாக விடாப்பிடியாக நின்ற அரசு, பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன கையோடு புதைக்க அனுமதித்து வர்த்தமானி வெளியிட்டது. அடுத்த மாதம் ஜெனீவாவில், மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய வாக்கெடுப்பு இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலுக்கும், பிள்ளையின் உடலைக் கேட்டு அழுத பெற்றோருக்கும் இளகாதது ஒரு வாக்குக் கணக்குக்கு இளகியது. சேதன உரத்தோடு சீனாவிலிருந்து வந்து, பக்டீரியா இருந்ததென்று திருப்பி அனுப்பப்பட்ட கப்பலுக்கு ஒரு மூடையும் இறக்காமல் ஏறத்தாழ 67 இலட்சம் டொலர் கொடுத்ததை இங்கே விரித்துச் சொன்னால் கடிதம் நீண்டுவிடும்.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென்று நாடு அறிவித்தது. அதன்பின் யாரிடம் போனோம்? ஏறத்தாழ 400 கோடி டொலர் பெறுமதியான உதவியோடு முதலில் வந்தது இந்தியா. கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு இணைத் தலைமை வகித்தவை இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகிய மூன்றுமாகும். மூன்றில் இரண்டு, நாம் உடன்படிக்கையைக் கிழித்த நாடுகள். அக்குழுவோடு உடன்பாடு காண 2024 ஜூன் வரை சென்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்த அரிசியை எங்கள் கிராம அலுவலர் பிரிவிலும் பகிர்ந்தார்கள். வாங்க வரிசையில் நின்றவர்களுள் நெல் விதைத்தவர்களும் இருந்தார்கள். வடக்கில் சிலர், நாங்கள் கோட்டாபயவுக்கு வாக்களிக்கவில்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் மண்ணெண்ணெய் வரிசை வாக்குச் சீட்டைப் பார்த்து ஆட்களை விடவில்லை.

நெருக்கடி நல்லதையும் தந்தது என்பதை மறுக்க மாட்டேன். 2022 ஒக்டோபர் 21 அன்று 179 வாக்குகளால் 21 ஆவது திருத்தம் நிறைவேறி, அரசியலமைப்புப் பேரவை திரும்ப வந்தது. 2023 ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம், அரசுக்கு வேண்டியபோதெல்லாம் பணம் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பேரவையை ஒழிக்க 156 வாக்குகள் அளித்ததும் இதே பாராளுமன்றந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று ஒரு தலைவரின் செல்வாக்குக்காகத் தூக்கிய கைகள், பிறகு காலிமுகத்திடலில் திரண்டு போராடிய மக்களுக்குப் பயந்து தூக்கப்பட்டன. மத்திய வங்கிக்கு வந்த சுதந்திரமும், பதினேழாவது முறையாகச் சர்வதேச நாணய நிதியத்தின் வாசலுக்குப் போனபோது அங்கிருந்து வந்த நிபந்தனையாகவே வந்தது. இப்படி வந்தவற்றுக்கு உள்நாட்டில் காவலாளி யார் என்பதே என் கவலை.

இக்கவலை கற்பனை அல்ல. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்குக் காசில்லை என்றார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மேயில். 2022 இல் வீதியில் நின்று மக்களாட்சி கேட்ட நாட்டில், அடுத்த ஆண்டே வாக்குச் சீட்டு அச்சிடக் காசில்லாமல் போனது. மாகாண சபைகளின் நிலை இதனிலும் மோசம். தேர்தல் முறையை மாற்றப்போவதாக 2017 இல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லை மீள்நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. பிறகு குண்டுவெடிப்பு, பிறகு கொவிட், பிறகு பணமில்லை. காரணம் மாறிக்கொண்டே போனது, தேர்தல் இல்லை என்ற முடிவு மாறவில்லை.

ஆகவே 159 ஆசனங்களைக் காட்டி அவசரப்படுத்தும் வாசக நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அப்பலத்தை, தமக்கு 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய சபைகளை உயிர்ப்பிக்க முதலில் பயன்படுத்துமாறு அரசை வற்புறுத்துங்கள். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக அவர்களே வாக்குறுதி தந்தார்கள். மாகாண சபைத் தேர்தலுக்கு அரசியலமைப்பை மாற்றவும் தேவையில்லை. பழைய முறையிலேயே நடத்த ஒரு சிறு சட்டத் திருத்தம் போதும். கைதடியிலுள்ள வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் அந்த மண்டபத்தில் தெரிவு செய்யப்பட்ட ஓர் உறுப்பினரும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்,
கிளிநொச்சி.