அண்டா கழுவும் நேரத்தில் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடச் சாப்பாடு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவு தொடங்கியது முதல், 2024 ஜூலையில் கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது வந்தது வரை எல்லாம் சரியாகவே இருந்தது. காமராஜர் படம், எம்.ஜி.ஆர். படம் எல்லாம் போட்டிருந்தீர்கள். சமைக்கிறவர் படம்தான் ஒன்றுகூட இல்லை.

நான் மேலூர்ப் பக்கம் கன்னியர் நடத்தும் ஒரு உதவிபெறும் பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே 31 ஆண்டு ஆசிரியையாக இருந்தவள். எழுபதுகளில் நாங்கள் தட்டில் வாங்கியது அமெரிக்க மக்காச்சோள மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமா. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் சுடுசோறு வந்தது 1982-ல் சத்துணவு வந்த பிறகுதான்.

சிஸ்டர்கள் வெளிநாட்டுப் பணத்தில் சோறு போடுகிறார்கள் என்று ஊரில் இன்றும் சிலர் நினைக்கிறார்கள். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் அரசாங்கம் கொடுப்பது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம். மடத்திலிருந்து இடமும் தண்ணீரும் கிடைக்கும். கேஸ் வருவதற்கு முந்தைய மழைக்காலங்களில் காய்ந்த விறகும் கிடைத்தது. அந்தப் புகையில் நின்று வெந்தது எங்கள் சமையலர் அக்காதான்.

அவர் உதவியாளராக வந்த முதல் வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் எந்தத் தெருக்காரர் என்று தெரிந்ததும் முப்பது பிள்ளைகளுக்கு மேல் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்போதைய தலைமையாசிரியை சிஸ்டர் யாரையும் கூப்பிட்டுச் சத்தம் போடவில்லை. மணி அடித்ததும் தானே ஒரு தட்டை எடுத்து வந்து வரிசையில் நின்று, வாங்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் நாங்களும் உட்கார்ந்தோம். (முதல் நாள் நான் டிபன் பாக்ஸோடு உள்ளேதான் இருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.) அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நாலு வீட்டார் மட்டும் கடைசிவரை அனுப்பவே இல்லை.

அதன்பிறகு 27 ஆண்டு ஓடிவிட்டது. கார்த்திகையில் எந்தப் பையன் மாலை போட்டிருக்கிறான் என்று அக்காவுக்கு அத்துபடி. முட்டை எடுக்கும் கை தானாக வாழைப்பழத்துக்குப் போய்விடும். ரசம் ஊற்றினால் சோற்றைக் கீழே கொட்டுகிற பிள்ளை யார், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து இரண்டாம் தடவை கேட்க வெட்கப்படுகிற பிள்ளை யார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வகுப்பாசிரியைக்கே தெரியாத விஷயம் எத்தனையோ முறை அடுப்படியிலிருந்துதான் எனக்கு வந்திருக்கிறது. பரிமாறுவதற்கு முன்னால் ஒரு ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி. என் முறை வரும் நாளில், “டீச்சர், இன்னைக்கு உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு” என்று நான் வாயில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

இப்போது காலையில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கிற அம்மாக்களாகப் பார்த்து எடுத்தது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தன் பிள்ளையும் சாப்பிடுகிற சட்டியில் யாரும் குறை வைக்க மாட்டார்கள். ஆனால் சமைக்கிறவர்களுக்குச் சம்பளம்? 2024 டிசம்பரில் மத்தியானச் சத்துணவு மையங்களுக்கு 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க உத்தரவு வந்தபோது தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஓராண்டு கழித்துத்தான் சிறப்புக் காலமுறை ஊதியம். நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலூரில் களை எடுக்கப் போனால்கூட அதைவிட அதிகம் கிடைக்கும்.

எங்கள் அக்கா இந்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். உங்கள் நிருபர் ஒருவரைப் புகைப்படக்காரரோடு அனுப்பி வையுங்கள். அக்காவிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கு மட்டும் வர வேண்டாம், அப்போது கடவுளே வந்தாலும் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒன்றரைக்கு மேல் அண்டா கழுவிக்கொண்டிருப்பார், அப்போது பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்