யாழினி நிரப்பிக் கொடுத்த அந்தத் தாள்

அன்புள்ள கலா,

உன் கடிதமும், உன் பெண் யாழினி நிரப்பிய தாளின் போட்டோவும் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு என்னைத் திட்டு, துணைக்குப் புஷ்பாவையும் சேர்த்துக்கொள், அவளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறென்ன! இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செல்வம் அண்ணாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று மறக்காமல் எழுது.

யாழினி விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக்குப் போனதிலிருந்து அவள் தன்னையே மட்டமாக நினைக்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். முதலில் அந்தத் தாள். நீ நெட்டிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்த பத்து வாசகங்கள் மோரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1965இல் வெளியிட்டவை. நியூயார்க் மாநிலத்து மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து உருவாக்கினார். சுயமதிப்பை, அதாவது ஒருவர் தன்னைத் தானே எவ்வளவு மதிக்கிறார் என்பதை, அளக்க இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். ஆனால் நீ கூட்டியது தப்புடி. பத்தில் ஐந்து வாசகம் நேர், ஐந்து தலைகீழ். ‘என்னிடம் நல்ல குணங்கள் உண்டு’ என்பதற்கு முழுச் சம்மதம் என்றால் 3. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பதற்கு முழுச் சம்மதம் என்றால் 0. நீ எல்லாவற்றையும் ஒரே பக்கமாகக் கூட்டி 30க்கு 14 என்று போட்டிருக்கிறாய். நேர் வாசகங்களில் அவளுக்கு 4. தலைகீழ் வாசகங்களில் நீ போட்ட 10ஐத் திருப்பினால் 5. மொத்தம் 9.

9 என்றதும் பதறாதே. இதற்குக் கீழே போனால் நோய் என்று அந்த அளவுகோலில் கோடு எதுவும் கிடையாது. தன்னைப் பற்றி உயர்வாகப் பேசக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை, ‘மொத்தத்தில் என்னைப் பற்றி எனக்குத் திருப்திதான்’ என்பதற்கு நேராக டிக் போடக் கூச்சப்படும். அந்த 9இல் கொஞ்சம் உன் வளர்ப்பும் இருக்கிறது. தேதி போட்டுத் தாளைப் பத்திரமாக வை. மூன்று மாதம் கழித்து அவளே மறுபடி நிரப்பட்டும், அப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆனால் அலட்சியமும் வேண்டாம். சோவிஸ்லோ, ஓர்த் என்ற இருவர், ஆட்களைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த 77 மனச்சோர்வு ஆய்வுகளை 2013இல் சேர்த்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு சுயமதிப்பைக் குறைப்பதைவிட, குறைந்த சுயமதிப்பு பின்னால் மனச்சோர்வைக் கொண்டுவருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு வலுவாகத் தெரிந்தது. பெரிய விளைவு என்று சொல்ல முடியாது, ஆனால் திரும்பத் திரும்பத் தெரிகிற விளைவு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கண்ணாடியில் ஒட்டிய அந்தச் சீட்டை இன்றைக்கே கிழித்துவிடச் சொல். ‘நான் சிறந்தவள், நான் வெல்வேன்’ என்று காலையில் பத்து முறை சொல்ல வைக்கிறாயாமே! ஜோஆன் வுட் என்ற கனடா உளவியலாளர் குழு 2009இல் இதைச் சோதித்தது. நான்கு நிமிடம், பதினைந்து வினாடிக்கு ஒரு மணிச் சத்தம், ஒவ்வொரு முறையும் ‘நான் அன்புக்குரியவர்’ என்று மனதுக்குள் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சுயமதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. இல்லாதவர்களுக்கோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை மோசமானது. பின்னால் திரும்பச் செய்தவர்களுக்கு இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் காரணம் எனக்குப் புரிகிறது. நம்பாத ஒன்றைச் சொல்லும்போது மனசு உடனே எதிர்வாதம் பண்ணும்: ‘சிறந்தவளா? கணக்குப் பேப்பர் எம்1ல அரியர் யாரோடது?’

அந்தத் தன்னம்பிக்கை முகாமுக்குக் கட்டப் போகிற பணத்தையும் நிறுத்து. கலிபோர்னியா அரசு 1986இல் சுயமதிப்புக்கென்றே ஒரு குழு போட்டது. மக்களின் சுயமதிப்பை உயர்த்தினால் குற்றம், போதை, படிப்பில் தோல்வி எல்லாம் குறையும் என்று நம்பினார்கள். 1990இல் அறிக்கை வந்தது, பள்ளிகள் எல்லாம் அந்த வழியில் கிளம்பின. 2003இல் பௌமைஸ்டர் என்ற உளவியலாளரின் குழு ஆராய்ச்சிகளை அலசிப் பார்த்தபோது, சுயமதிப்பை ஏற்றிவிட்டால் மார்க் ஏறும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நன்றாகப் படித்ததால் சுயமதிப்பு கொஞ்சம் உயர்கிறது என்பதுதான் கூடுதலாகப் பொருந்தியது. மகிழ்ச்சியோடு மட்டும் அதற்கு வலுவான தொடர்பு இருந்தது.

அப்படியானால் யாழினிக்கு என்னதான் ஆனது? வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே ஒரு பின்னமாக எழுதி வைத்தார்: மேலே நாம் சாதித்தது, கீழே நாம் ஆக நினைத்தது. பன்னிரண்டாவது வரை அவளுக்கு மேலேயும் கீழேயும் ‘ஸ்கூல் ஃபர்ஸ்ட்’. கல்லூரியில் வகுப்பு முழுக்க ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுகள். மேலே இருந்தது சரிந்துவிட்டது, கீழே இருப்பது அப்படியே நிற்கிறது. ஜெனிஃபர் கிராக்கர் என்பவர் மனிதர்கள் தங்கள் மதிப்பை எதன் மேல் கட்டுகிறார்கள் என்று ஏழு இடங்களைக் கணக்கிட்டார்: குடும்பத்தின் அன்பு, பிறர் ஒப்புதல், தோற்றம், போட்டி, படிப்பு, நல்லொழுக்கம், கடவுளின் அன்பு. உன் பெண் மொத்தத்தையும் படிப்பு என்ற ஒற்றைத் தூணில் வைத்திருக்கிறாள். அப்படி வைத்தவர்களுக்கு மார்க் வருகிற நாளில் சுயமதிப்பு ஏறுவதும் இறங்குவதும் மற்றவர்களைவிட அதிகம். ஏற்ற இறக்கமே ஆளைக் களைக்க வைக்கும்.

இதன் சுழற்சியை மெலனி ஃபெனல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் தெளிவாக வரைந்திருக்கிறார். அடியில் ஒரு தீர்ப்பு: ‘நான் முட்டாள்.’ அதை மறைக்க ஒரு விதி: ‘எல்லாத்துலயும் முதல்ல வந்தா யாருக்கும் தெரியாது.’ விதி உடைகிற நிலைமை வந்ததும் பயம். பயந்ததால் வகுப்பில் சந்தேகம் கேட்பதில்லை, கேட்காததால் புரிவதில்லை, புரியாததால் இன்டர்னலில் மார்க் போகிறது, போனதும் ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’ என்று தீர்ப்பு இன்னும் கெட்டியாகிறது. இதில் நீ கைவைக்க வேண்டிய இடம் சந்தேகம் கேட்காத அந்தக் கண்ணி. தீர்ப்போடு நேரே வாதாடி ஜெயிக்க முடியாது.

அதற்கு ஒரு நோட்டு. வலது பக்கம் சோதனை. என்ன நடக்கும் என்று நினைக்கிறாள், எத்தனை சதவீதம் நம்புகிறாள், என்ன நடந்தது, மூன்றே பத்தி. உதாரணமாக: ‘வகுப்பில் தமிழ் கலந்து ஒரு சந்தேகம் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், 80 சதவீதம்.’ கேட்டுவிட்டு, எத்தனை பேர் சிரித்தார்கள், சார் என்ன சொன்னார் என்று எழுத வேண்டும். இரண்டு இடத்தில் இது கெடும். ஒன்று, எடுத்ததும் மலையைத் தூக்குவது. பாதி பயம் தருகிற காரியத்தில் தொடங்கட்டும். இன்னொன்று, கள்ளப் பாதுகாப்பு: கேள்வியை முன்கூட்டி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போவது, தோழியை விட்டுக் கேட்க வைப்பது. அப்படிக் கேட்டால் ‘மனப்பாடம் பண்ணதால தப்பிச்சேன்’ என்று மனசு கணக்கை மாற்றி எழுதிவிடும். பயமே வரவில்லையா என்று பார்க்கக் கூடாது, நினைத்தது நடந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். யாராவது நிஜமாகவே சிரித்தால் அதையும் எழுதட்டும்; சிரித்தது ஒருவரா அறுபது பேரா என்பது பெரிய வித்தியாசம்.

இடது பக்கம், ராத்திரி பத்து நிமிடம், அன்று செய்த மூன்று விஷயம். ‘நான் நல்ல பெண்’ என்று எழுதினால் அடித்துவிடச் சொல். ‘ஜுரமாக இருந்த ரூம்மேட்டுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தேன்: அக்கறை’ என்று நடந்ததும் அது காட்டுகிற குணமும் வர வேண்டும். ‘ஆனால் இதை யாரும் செய்வார்கள்’ என்று வால் சேர்ப்பாள், கட்டாயம் சேர்ப்பாள். வாலை வெட்டுவதுதான் பயிற்சி. முதல் இரண்டு வாரம் வெறும் நடிப்பு என்பாள், பரவாயில்லை.

அரியரை மறந்துவிடாதே. அது கற்பனைப் பிரச்சினை இல்லை, கணக்குப் பிரச்சினை. தமிழில் வகைக்கெழு, அணி என்று படித்தவள் திடீரென்று டெரிவேட்டிவ், மேட்ரிக்ஸ் என்று கேட்டுத் திணறுகிறாள். ஒரு கலைச்சொல் பட்டியல், பழைய வினாத்தாள், தினம் நாற்பது நிமிடம், சொல்லித்தர ஒரு சீனியர் அக்கா. கணக்கு புரிய ஆரம்பிக்காமல் நோட்டு மட்டும் எழுதினால் பாதி வேலைதான்.

இனி உன் பங்கு. ஆகா ஓகோ என்று புகழாதே. நெதர்லாந்தில் 2014இல் பிள்ளைகளை வான்கோவின் ரோஜா ஓவியம் ஒன்றைப் பார்த்து வரைய வைத்தார்கள். ‘நம்பவே முடியாத அழகு’ என்று மிகையாகப் புகழப்பட்டபோது, சுயமதிப்பு குறைந்த பிள்ளைகள் அடுத்துச் சுலபமான படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த உயரத்தை மறுபடி எட்ட முடியுமா என்ற பயம்தான். செய்ததைச் சொல்: ‘மூணாவது கணக்கை ரெண்டு வழியில போட்டுப் பார்த்திருக்க.’ போதும். உன் நாத்தனார் பையனின் ஜிபிஏ உன் வீட்டுக் கூடத்தில் பேசப்படக் கூடாது. அண்ணாவிடம் நான் சொன்னேன் என்றே சொல், அவருக்கு என்னிடம் பயம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போனில் முதல் கேள்வி மார்க்காக இருக்க வேண்டாம்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. தான் உபயோகமில்லாதவள் என்ற எண்ணம் மனச்சோர்வு நோயின் ஒன்பது அறிகுறிகளில் ஒன்று. இரண்டு வாரமாகத் தொடர்ந்து தூக்கம், சாப்பாடு மாறியிருக்கிறதா, பிடித்த எதிலும் ஆர்வம் இல்லையா, எழுந்திருக்கவே சோர்வா என்று பார். அப்படியிருந்தால் நோட்டெல்லாம் அப்புறம், முதலில் மனநல மருத்துவர். ‘செத்துப் போயிடலாம்னு தோணுதா?’ என்று அவளிடம் நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. கேட்டால் பாரம்தான் இறங்கும். ‘ஆமாம்’ என்றால் அவளைத் தனியாக விடாதே, அன்றைக்கே அழைத்துப் போ. டெலி மானஸ் 14416, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், இலவசம்.

அவளுக்கு நான் கவுன்சிலிங் தரக் கூடாது. சின்ன வயதிலிருந்து என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள், உன்னிடம் சொல்ல முடியாததை என்னிடமும் மறைப்பாள். கோயம்புத்தூரிலேயே, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சிபிடி) தெரிந்த, எம்.ஃபில் முடித்துப் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரை விசாரித்து வைக்கிறேன். இன்னொன்று, அந்தத் தாளை எனக்கு அனுப்பியதை அவளிடம் நீயே சொல்லிவிடு. கோபப்பட்டால் படட்டும், மன்னிப்புக் கேள். அடுத்த தடவை அவள் சம்மதம் இல்லாமல் எதையும் போட்டோ எடுத்து அனுப்பாதே, எனக்குக்கூட.

உன்,
சாந்தி