முன்னுரை கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு நீயே பணம் கொடுத்து அச்சடிக்கப் போகிற நாவலுக்கு முன்னுரை எழுதித் தர மாட்டேன். இவ்வளவு நாள் இழுத்தடித்தது உன் மனம் நோகக் கூடாது என்றுதான். இப்போது நோகத்தான் போகிறது, மன்னித்துக்கொள். பணத்தை எங்கே புரட்டினாய் என்பதை இங்கே எழுதவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் படிக்கிற இடம் இது.

அந்தச் சென்னைக்காரர் அனுப்பிய செலவுப் பட்டியலை மறுபடி பார். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணுக்கென்று தனியாக ஒரு தொகை. இந்தியாவில் அரசு அதை இலவசமாகத் தருகிறது. ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் எக்காலத்துக்கும் அவருக்கே என்று ஒரு வரி. காலத்தைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால்கூட 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். இப்படிக் கையெழுத்துப் போட்டால் போனது போனதுதான். பதிப்பாளர் என்றால் தன் காசைப் போட்டு உனக்கு ராயல்டி தர வேண்டும். சரி, கட்டுக்கட்டாக ரங்கூனுக்கு வந்தால் யாரிடம் விற்பாய்? 1960-களில் இங்கே பர்மாவில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு பிறந்த நம் ஆட்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

காளி கோயில் பக்கத்து டீக்கடையில் உன் முதல் அத்தியாயத்தைப் படித்தேனே, மெரினாவில் சுண்டல் விற்கிற பையன். நீ மெரினாவைப் பார்த்ததே இல்லை என்றேன். உன் டீ ஆடை படிந்து ஆறிப்போனது. வெளியே மழை விடவில்லை. அப்புறம் நீயாகவே, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டலாவிலிருந்து படகில் வரும் வெற்றிலைக்காரப் பாட்டி சில்லறை குறைந்தால் தமிழில் ஆரம்பித்துப் பர்மியத்தில் முடிக்கும் வசவை நடித்துக் காட்டினாய். கடைப்பையன்கூடச் சிரித்தான். அதை எழுதுடா என்றேன், எழுதினாய். அந்தக் கதையை இப்போதும் எடுத்துப் படிக்கிறேன்.

அதே வாயால் அக்காவுக்குப் பொறாமை என்று எத்தனை வீட்டில் சொன்னாய்? என் காதுக்கு வராது என்று நினைத்தாயா? கரண்ட் இல்லாத ராத்திரிகளில் செல்போன் வெளிச்சத்தில் உன் ஒற்றுப்பிழைகளைத் திருத்தியவள் நான்.

நாவல் இருக்கட்டும். பாட்டி கதையை யூனிகோடில் அடித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பு. ஒரே சமயத்தில் நாலு இடத்துக்கு அனுப்பாதே, இரண்டு பேர் போட்டுவிட்டால் உன் பெயர்தான் கெடும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும், வராமலும் போகும். அதற்குள் அடுத்ததை எழுது. சில கதைகள் வெளிவந்த பிறகு நாவலோடு பதிப்பகத்தை அணுகு, ஆனால் ஜனவரியில் வேண்டாம். சென்னைப் புத்தகக் காட்சி முடியும்வரை அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது.

கடைசி அத்தியாயத்தைப் பற்றி நேரில்தான் பேச வேண்டும். 2012 ஆகஸ்டில் இங்கே முன்தணிக்கையை, அதாவது அச்சுக்கு முன்பே அரசிடம் காட்டி அனுமதி வாங்குவதை, எடுத்தார்கள் என்பதை நம்பி இப்போது எதையும் அச்சில் போட முடியாது. உனக்குத் தைரியம் இருக்கிறது, எனக்குத் தெரியும். வீட்டில் அத்தையும் இருக்கிறார்கள். புனைபெயரையாவது யோசி.

பணம் இன்னும் போகவில்லை என்றால் நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை கதையை எடுத்துக்கொண்டு வா, அனுப்பும் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம். கோபத்தோடு வந்தாலும் சரி.

அக்கா