ஹலோவீன் இரவில் கதவைத் திறக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் நாயோ பூனையோ வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம். நான் ஸ்காபரோவில் ஒரு மிருக மருத்துவமனையின் முன்மேசையில் வேலை செய்கிறேன். வைத்தியர் இல்லை. தொலைபேசி எடுப்பதும், நாயை நிறுத்துப் பார்ப்பதும், பூனைக்கூட்டை வாங்கி உள்ளே கொண்டுபோவதும்தான் என் வேலை. தமிழ் தெரியும் என்பதால் தமிழில் பேச விரும்புகிறவர்களின் அழைப்பு எல்லாம் என்னிடம் வந்து சேரும். ஒக்டோபர் கடைசியில் அந்த அழைப்புகள் கூடும். அவற்றில் நிறைய, ஒரேயொரு மிட்டாய் மேசையை வீட்டுக்கு வெளியே போட்டிருந்தால் வந்தே இராதவை. அந்த மேசையைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஹலோவீனை விடச் சொல்லவில்லை. "பேய்க் கொண்டாட்டம் எங்களுக்கு என்னத்துக்கு?" என்று முகம் சுளிக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்தான். அயர்லாந்துப் பக்கத்தில் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நாளில் இறந்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பிய சனத்தின் நாள் அது. பிறகு அதை அடுத்த நாட்களில் நவம்பர் 1 புனிதர்களுக்கும் 2 மரித்த ஆன்மாக்களுக்கும் என்று தேவாலயம் வைத்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவதும் அதே நவம்பர் 2இல்தான். எனவே நாங்கள் நினைக்கிற அளவுக்கு அது அந்நியம் இல்லை. வருடம் முழுக்கக் காருக்குள் இருந்து கையசைக்கிற அயலவர்களை நேருக்கு நேர் பார்க்கிற இரவும் இது ஒன்றுதான்.

ஆனால் அந்த இரவை உங்கள் நாயின் பக்கத்தில் இருந்து கொஞ்சம் யோசியுங்கள். ஒக்டோபர் 31இல் ரொறன்ரோவில் மாலை 6 மணி தாண்டிக் கொஞ்சத்தில் சூரியன் மறையும். வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற சின்னப் பிள்ளைகள் அதற்கு முதலே வெளிக்கிட்டுவிடுவார்கள், பெரிய பிள்ளைகள் 8, 8.30 வரை வருவார்கள். அதுவரை மணி அடித்தபடி. வழக்கமாக ஒருநாளில் ஒருமுறை இருமுறை கேட்கிற மணி அது. அடித்தால் குரைக்கவேண்டும் என்பது நாயின் உத்தியோகம். கதவு திறந்தால் வாசலில் முகமூடி, கத்தி, காற்றடித்த டைனோசர். வாசம் மட்டும் மனிதர் வாசம். கதவை மூடியதும் நாயை அதட்டுகிறோம். திரும்ப மணி. பூனையின் பாடு வேறு. அது குரைக்காது. சோபாவுக்குக் கீழே பதுங்கியிருந்து, கதவு திறந்திருக்கிற ஏதோ ஒரு நொடியில் ஆறு பிள்ளைகளின் கால்களுக்கு ஊடாக வெளியே போய்விடும். அது போனது, சாமம் சாப்பாட்டுக் கிண்ணத்தைப் பார்க்கும்போதுதான் வீட்டுக்குத் தெரியும்.

2020இல் கொரோனாவுக்குப் பயந்து பல தெருக்களில் ட்ரைவ்வேயில் மேசை போட்டு மிட்டாய் வைத்தார்கள். ஞாபகம் இருக்கிறதா? ஒருவரும் மணி அடிக்கவில்லை. பிள்ளைகள் நடந்து வந்தார்கள், எடுத்தார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கொரோனா அடங்கியதும் மேசையை மடித்துக் கராஜுக்குள் வைத்துவிட்டோம். நாய் பூனை இருக்கிற வீடுகளாவது அதை மறுபடி எடுக்கவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அலங்காரத்தையும் அங்கேயே கொண்டுபோங்கள். பூசணியை மேசைக்கு இரண்டு பக்கமும் வையுங்கள். தடித்த ஜக்கற், ஒரு போத்தல் தேத்தண்ணி, இரண்டு மடக்குக் கதிரை போதும். மணிப் பொத்தானுக்கு மேல் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டிவிடுங்கள். மழை என்றால் கராஜ் கதவைத் திறந்து அதன் வாயில் மேசையைப் போடலாம். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகிற கதவைப் பூட்ட மட்டும் மறக்கவேண்டாம். அப்பார்ட்மென்டில் இருப்பவர்கள் கதவுக்கு வெளியே ஒரு கதிரை போட்டு இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு தெருவில் நாலைந்து மேசை வந்துவிட்டால் பிள்ளைகளே மணியைத் தேடமாட்டார்கள்.

நாய், பூனையைப் பின்பக்க அறையில் விடுங்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, றேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்து, தண்ணீரும் வழக்கமான படுக்கையும், பூனை என்றால் மண்பெட்டியும். அறைக் கதவில் "திறக்கவேண்டாம்" என்று எழுதி ஒட்டுவது எங்கள் வீடுகளுக்கு மிக அவசியம். மாமாவோ சித்தியோ ஓவர்கோட்டை வைக்க என்று நேராக அந்த அறைக்குத்தான் போவார்கள். கழுத்துப்பட்டியில் உங்கள் தற்போதைய தொலைபேசி எண் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மைக்ரோசிப் இருந்தும் அதில் பழைய வீட்டு முகவரி இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

உடுப்பு விஷயம் சுருக்கமாக. நாய்க்குச் சிறகும் தொப்பியும் மாட்டிப் படம் எடுப்பதில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காதைப் பின்னால் மடித்து, உதட்டை நக்கியபடி, கண் வெள்ளை தெரிய அசையாமல் நிற்கிற நாயைப் பார்த்து "பாருங்கோ, எவ்வளவு வடிவாய் நிக்குது" என்கிறோம். அது பயத்தில் உறைந்து நிற்கிறது. பூனையைக் கேட்கவே வேண்டாம்.

இனிச் சாப்பாடு. இதில்தான் எங்கள் வீடுகளுக்கென்று தனிச் சிக்கல் இருக்கிறது.

சொக்லேட் நாய்க்கு ஆகாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். எவ்வளவு கறுப்போ அவ்வளவு கேடு: 10 கிலோ நாய்க்குப் பால் சொக்லேட் என்றால் சுமார் 100 கிராமில் வாந்தியும் படபடப்பும் தொடங்கலாம், கேக் செய்கிற கசப்புச் சொக்லேட்டில் 15 கிராமே போதும். சீனியில்லாத சூயிங்கத்தில் இருக்கிற சைலிற்றோல் இன்னும் மோசம். அரை மணித்தியாலத்திலேயே நாயின் இரத்தச் சீனியை விழுத்திவிடும். பிள்ளைகள் கொண்டுவருகிற பையைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே தூக்கி வைத்துவிடுகிறோம். சரி. கீழே, ரீப்போவில், நாயின் மூக்குக்கு நேரே என்ன இருக்கிறது?

2024இல் தீபாவளியும் ஹலோவீனும் ஒரே நாளில், ஒக்டோபர் 31இலேயே வந்தன. அன்றிரவு ஒரு அம்மா எடுத்தார்.

"தங்கச்சி, நாய் வாசல் பக்கம் ஓடிப்போய் வந்து கேசரித் தட்டிலை வாய் வச்சிட்டுது. சொக்லேட் ஒண்டும் தொடேல்லை. பயமில்லைத்தானே?"

"கேசரிக்குப் பிளம்ஸ் போட்டனீங்களோ, அம்மா?"

"ஓம், பின்னை? பிளம்ஸ் போடாமல் கேசரியோ?"

உடனே கொண்டுவரச் சொன்னேன். பிளம்ஸ் என்று நாங்கள் சொல்கிற உலர்ந்த முந்திரிகை (உலர் திராட்சை), உலராத முந்திரிகைப் பழம் (திராட்சை) இரண்டுமே நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியவை. இத்தனை சாப்பிட்டால் பயமில்லை என்று நம்பிச் சொல்ல ஒரு அளவு இல்லை. ஒரு நாய் கைநிறையத் தின்றும் சும்மா இருக்கும், இன்னொன்று கொஞ்சத்திலேயே விழுந்துவிடும். முதல் நாள் வாந்தி, சோர்வு. அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைந்துபோகும். அந்த நாயை வாந்தியெடுக்க வைத்து, சேலைன் ஏற்றி, திரும்பத் திரும்ப இரத்தம் சோதித்து அனுப்பினோம். பிழைத்துக்கொண்டது. வீட்டில் சொக்லேட் முழுவதும் அலுமாரிக்கு மேலே பூட்டி வைத்திருந்தார்களாம்.

முந்திரிகையில் எது நஞ்சு என்று வெகுகாலம் பிடிபடாமல் இருந்தது. அண்மையில்தான் டாட்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. பேக்கிங் செய்கிற கிறீம் ஒஃப் டாட்டரைத் தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததை வைத்துத்தான் அந்தச் சந்தேகம். அந்த ஆய்வில் கூடவே வந்த இன்னொரு பொருள் புளி. ஆம், எங்கள் பழப்புளிதான். டாட்டாரிக் அமிலம் அதில் நிறைய உண்டு. இதைச் சொன்னால் நம்பாமல் சிரிக்கிறவர்கள் உண்டு. ஊரில் மிச்சக் குழம்பும் சோறும் தின்று வளர்ந்த நாய்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவற்றில் எத்தனை ஏன் செத்தன என்று யார் பார்த்தது? புளிச்சாதம், புளிக்குழம்பு எதுவும் நாயின் தட்டுக்குப் போகவேண்டாம்.

அப்புறம் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ். ஹலோவீனுக்கு ரோல்ஸ் எங்கள் பிள்ளைகளின் புது விளையாட்டு: மாவை நாடாவாக வெட்டிச் சுற்றி, இரண்டு மிளகைக் கண்ணாக வைத்தால் எகிப்தியப் பிரேதம் தயார். மிதிவெடி என்கிற பெரிய ரோல்ஸுக்கு வேடமே தேவையில்லை, பெயரே போதும். பார்க்க நல்ல சந்தோஷம். ஆனால் உள்ளே இருப்பது வதக்கிய வெங்காயமும் உள்ளியும் (பூண்டு). இவை இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் கூடுதலாக. வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. விருந்துக்கு வந்தவர்கள் மேசைக்குக் கீழே கையைவிட்டு "பாவம், ஒரு துண்டு" என்று நீட்டுவதுதான் பெரிய தலையிடி. நாய்க்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் உப்பில்லாமல் அவித்த பூசணித் துண்டைக் கிண்ணத்தில் வைத்து, அதை மட்டும் கொடுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு, பை (pie) செய்கிற சின்னப் பூசணி வாங்குங்கள். முகம் வெட்டுகிற பெரிய பூசணி நாரும் தண்ணீருமாக இருக்கும், கறிக்கும் ருசிக்காது. அதன் விதையை மட்டும் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்தால் உங்களுக்கு நல்ல கொறிப்பு.

வெட்டிய பூசணி நாலைந்து நாளில் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். அதைக் கடித்த நாய் நடுங்கிக்கொண்டு வந்த சந்தர்ப்பம் உண்டு. எனவே முதலாம் திகதியே அகற்றிவிடுங்கள். ரொறன்ரோவின் மேற்கில் சொறோரன் பூங்காவில் 2004இலிருந்து நவம்பர் 1 இரவு ஊர்ச்சனம் தங்கள் பூசணிகளைக் கொண்டுவந்து விளக்கேற்றி வரிசையாக வைப்பார்கள். ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள், ஹலோவீனைவிட அது அழகு.

அலங்காரத்தில் நான் சண்டை பிடிப்பது ஒரு சாமானோடுதான்: செடியிலும் வேலியிலும் இழுத்துவிடுகிற வெள்ளைப் பஞ்சு வலை. குருவியும் சின்ன ஆந்தையும் அதில் சிக்கினால் தாமாக வெளியே வர முடியாது. வீட்டுக்குள்ளே போட்டால் பூனை நூலை விழுங்கும். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கிப் பிடித்துவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்கவேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். மெழுகுதிரிக்குப் பதில் பற்றரி விளக்கு வைக்கிறீர்களா, நல்லது; பற்றரி மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். பொத்தான் பற்றரியைக் கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். இருட்டில் ஒளிரும் குச்சியைப் பூனை கடித்து நுரை தள்ளினால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது கசப்புத்தான். ரூனா மீன் தண்ணீர் கொஞ்சம் கொடுத்துவிட்டு, அறை விளக்கை அணையுங்கள். மயிரில் எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று மினுங்கிக் காட்டும். ஈரத்துணியால் துடைத்துவிடலாம், இல்லாவிட்டால் நக்கி நக்கித் திரும்ப நுரை தள்ளும்.

ஏதாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால் விடியும் வரை பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். வாந்தியெடுக்க வைப்பது முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் நடந்தால்தான் பெரும் பலன். உப்புத் தண்ணீர் பருக்குவது, விரலைத் தொண்டைக்குள் விடுவது எல்லாம் வேண்டாம். நாயின் நிறை, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, இந்த நாலையும் சொல்லுங்கள். மிட்டாய்க் கடதாசியைக் குப்பைக்குள் எறியாமல் கையோடு கொண்டுவாருங்கள். கேசரி என்றால் என்னென்ன போட்டீர்கள் என்று சமைத்தவரையே பேச விடுங்கள். நாங்கள் பூட்டியிருக்கிற நேரம் என்றால் பக்கத்து இருபத்துநாலு மணிநேர மிருக மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுக்கலாம், அல்லது 888-426-4435 என்ற விலங்கு நச்சு ஆலோசனை எண்ணுக்கு எடுக்கலாம். அது அமெரிக்காவில் இருக்கிறது, கனடாவிலிருந்தும் எடுக்கலாம், காசு கேட்கக்கூடும். எண்ணை இன்றே குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு முன்மேசைக்காரி