மீதி ஏழு பாட்டையும் முடித்துத் தாருங்கள்: பீற்றில்ஸ் பதிவுகளின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அனைவருக்கும்,

யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம். இப்படி ஒரு ஊரில் உங்களுக்கு ரசிகர்கள் இருப்பது உங்கள் விற்பனைக் கணக்கில் தெரிய வாய்ப்பில்லை. தெரியாவிட்டாலும் இருக்கிறோம்.

2025 டிசம்பர் 3ஆம் திகதியோடு பீற்றில்ஸ் இசைக்குழுவின் 'றபர் சோல்' அல்பம் வெளிவந்து 60 ஆண்டுகள் நிறைந்தன. நாள் வந்தது, போனது. உங்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சத்தம் முந்தின மாதமே வந்துவிட்டது என்று நினைத்தீர்களோ தெரியாது. 1995இலும் 96இலும் நாங்கள் கேட்டு முடித்த 'அந்தோலொஜி' தொகுப்புகள் மூன்றையும் தூசி தட்டி, நான்காவதாக ஒன்றையும் சேர்த்து, 8 சீடிப் பெட்டியாக நவம்பர் 21ஆம் திகதி இறக்கினீர்கள். அதில் விருப்பமுள்ளவர்கள் வாங்கட்டும், எனக்கு வழக்கில்லை. ஆனால் நாங்கள் காத்திருந்தது அதற்கு இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். றபர் சோலின் 14 பாட்டில் ஏழைப் புதிதாகக் கலந்துவிட்டீர்கள், அதாவது பழைய நாடாவில் உள்ள குரலையும் வாத்தியத்தையும் திரும்பச் சமப்படுத்திப் 'புதுக்கலவை' செய்துவிட்டீர்கள். மீதி ஏழையும் முடித்துத் தாருங்கள்.

கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2017இல் 'சார்ஜன்ற் பெப்பர்', அடுத்த வருடம் வெள்ளை அல்பம், 2019இல் 'அபே றோட்', 2021இல் 'லெற் இற் பீ' என்று உங்கள் ஒலிக்கலவைக்காரர்கள் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓக்கெலும் ஒவ்வொரு அல்பமாகப் புதுக்கலவை செய்து தந்தார்கள். 2022இல் 'றிவோல்வர்' வந்தபோது, பின்னோக்கி நடக்கிறார்கள், அதற்கு முந்தின அல்பமான றபர் சோல்தான் அடுத்தது என்று விரல் மடித்து எண்ணாத ரசிகர் இல்லை. 2023இல் நீங்கள் தந்தது, பல அல்பங்களிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த சிவப்புத் தொகுப்பு. அதற்குள்ளே 'ட்ரைவ் மை கார்', 'நோர்வீஜியன் வூட்', 'நோவெயார் மான்', 'மிஷெல்', 'கேர்ள்', 'இன் மை லைஃப்', 'இஃப் ஐ நீடட் சம்வன்' ஆகிய ஏழும் புதுக்கலவையில் இருந்தன. சரி, பாதி வேலை முடிந்தது, மிச்சம் வரும் என்று நினைத்தோம். இன்றைக்கும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதற்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று நீங்கள் கேட்கக்கூடும். என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் யாழ்ப்பாண ரவுணில் ரெக்கோடிங் கடைகள் இருந்தன. வெற்றுக் கசெற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். மாமாவின் றபர் சோல் அப்படி வந்தது. அவரிடம் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் கசெற் ரெக்கோடர். இடமும் வலமும் அதில் ஒன்றாகித்தான் வரும், அதனால் ஸ்டீரியோவில் நீங்கள் யாரை எந்தப் பக்கம் நிறுத்தினீர்கள் என்ற கவலை அவருக்கு இருந்ததில்லை. 1990இல் குடாநாட்டில் மின்சாரம் போய், பற்றரிக்கும் தடை வந்த பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற டைனமோவில் ரெக்கோடரைப் பாட வைத்தார்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். அதே வருடம் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நேரம் பக்கத்து வளவில் விழுந்த ஷெல்லோடு மாமாவின் வலது காது போய்விட்டது.

இப்போது அவருக்கு எழுபதை நெருங்குகிறது. கைத்தொலைபேசியும் நல்ல இயர்போனும் வாங்கிக் கொடுத்து, பழைய பாட்டைப் போட்டுவிட்டேன். 'நோவெயார் மான்'தான் முதலில். அந்தப் பாட்டு மூன்று குரலோடு, எந்த வாத்தியமும் இல்லாமல் தொடங்கும். மாமா இயர்போனைக் கழற்றிப் பார்த்தார், திரும்பப் போட்டார். பாட்டு தொடங்கவில்லை என்று நினைத்திருக்கிறார். பிறகு ட்ரம்ஸும் கிற்றாரும் இடது காதுக்குள் இறங்கின. குரல்கள் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஒரு கசிவாக மட்டும்.

"தம்பி, அடிக்கிறது கேக்குது. பாடுறவங்கள் எங்க போட்டாங்கள்?"

பாடுகிறவர்கள் வலது பக்கம் நிற்கிறார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சைக்கிளைச் சுற்றிக் கேட்ட காலத்தில் முழுதாகக் கேட்ட பாட்டு, நல்ல இயர்போனில் பாதியாகிவிட்டது. 1965இல் உங்கள் நாட்டில் பெரும்பாலானவர்கள் இடம் வலம் என்ற பிரிவில்லாத மோனோவில்தான் கேட்டார்கள், ஸ்டீரியோவை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, நாடாவில் நாலே நாலு ட்ராக்கில், அதாவது நாலு தனித் தடத்தில், பதிந்ததை இரண்டு பக்கமாகப் பிரித்து விட்டார்கள். அது அந்தக் காலத்து நிலைமை, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் காதைப் பறிகொடுத்தவர்கள் ஷெல் விழுந்த ஊர் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். ஷெல் விழாத ஊரிலும் இருக்கிறார்கள்.

பிறகு 2023 கலவையைப் போட்டேன். குரல் நடுவுக்கு வந்திருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் முடியும்வரை கேட்டுவிட்டு, "இப்ப மூண்டு பேரும் நிக்கிறாங்கள்" என்றார். ஏழு பாட்டையும் கேட்டு முடித்தார். அப்புறம், "மிச்சம் எப்ப வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன், ஏனென்றால் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

தொலைபேசியில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் வசதி இருக்கிறதே என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். இருக்கிறது, போட்டும் பார்த்தேன். எல்லாம் கேட்கிறது, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. 1987இல் சீடிக்காக பீற்றில்ஸின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் திரும்பக் கலந்தது இப்படி ஒட்டிக் கேட்பதற்காக அல்ல. அசல் மோனோக் கலவை இருக்கிறதே என்றால், அதை 2009இல் ஒரு பெரிய மோனோப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினீர்கள். அந்த ஒரு சீடியை மட்டும் தா என்றால் தரமாட்டீர்கள்.

முடியாத வேலை என்றும் சொல்ல முடியாது. இயக்குநர் பீற்றர் ஜக்சனின் குழு 'கெற் பக்' என்ற பீற்றில்ஸ் ஆவணப்படத்துக்காகச் செய்த மென்பொருள், ஒரே ட்ராக்கில் ஒட்டிக்கிடந்த ட்ரம்ஸையும் கிற்றாரையும் பிரித்துத் தந்தது. றிவோல்வரைக் கலந்தது அதை வைத்துத்தானே? 'லவ் மீ டூ'வுக்கு மூல நாடாவே மிஞ்சவில்லை. மோனோ மட்டும் இருந்த அந்தப் பாட்டையே 2023இல் ஸ்டீரியோவாக்கிக் காட்டினீர்கள். நாலு ட்ராக்கும் பத்திரமாக உங்கள் அலுமாரியில் இருக்கிற 'யூ வோன்ற் சீ மீ'யும் 'ஐம் லுக்கிங் த்ரூ யூ'வும் என்ன பாவம் செய்தன?

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் என்று எடுத்தாலும் பரவாயில்லை. உரும்பிராய் நித்தி கனகரத்தினம் பாடிய பொப் பாடல்களுக்கு எங்கள் ஊரே ஆடியது. 'சின்ன மாமியே' தெரியாத தமிழர் குறைவு. அந்தக் காலத்து இலங்கைப் பொப் பாடல்களை இன்றைக்குத் தேடினால் பெரும்பாலும் யாரோ கசெற்றிலிருந்து ஏற்றிவிட்ட இரைச்சல் பிரதிதான் கிடைக்கும். எங்களுக்குப் புதுக்கலவை வேண்டாம், பழைய கலவை சுத்தமாகக் கிடைத்தாலே கோயிலுக்குத் தேங்காய் உடைப்போம். நீங்களோ ஒவ்வொரு நாடாவையும் இலக்கமிட்டு, பெட்டி போட்டு, பூட்டி வைத்திருக்கிறீர்கள். வைத்திருந்துகொண்டு, அரைகுறை ஒத்திகையையும் நடுவில் விழுந்த சிரிப்பையும் நிறம் நிறமாக இசைத்தட்டில் விற்கிறீர்கள். ஜோன் லெனன் தொண்டை செருமியதற்கும் ஒரு சிறப்புப் பதிப்பு வரும், அன்றைக்கும் றபர் சோலைக் காணோம் என்றுதான் இருக்கும் போல.

கொஞ்சம் சூடாகிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. மீதி ஏழையும் தரும்போது, தயவுசெய்து பெரிய பெட்டிக்குள் மட்டும் போட்டுத் தராதீர்கள். 2022இல் எங்கள் ரூபாய் விழுந்த விழுகையில் வெளிநாட்டுச் சாமானின் விலையைக் கேட்கவே பயமாகிவிட்டது. அப்படியிருந்தும் வெளிநாட்டு இணையக்கடை ஒன்றில் ஒருமுறை ஒரு பெட்டி எடுப்பித்தேன். கப்பல் கூலி ஒரு பக்கம், கொழும்பில் கட்டிய வரி ஒரு பக்கம், வீட்டுக்கு வந்தபோது மூலை நசிந்து, உள்ளே இருந்த புத்தகத்தின் முதுகு உடைந்திருந்தது. பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காசுக்கு இங்கே ஒரு பழைய சைக்கிளே வாங்கலாம், டைனமோவோடு.

ஆகவே திரும்பவும், இந்த முறை பணிவாகவே கேட்கிறேன். றபர் சோலின் மீதி ஏழு பாட்டையும் அதே ஆட்களைக் கொண்டு அதே அக்கறையோடு கலந்து, 14 பாட்டையும் ஒரே தட்டில், பழைய வரிசையிலேயே தாருங்கள். ஒற்றைச் சீடியாகவும் ஒன்று போடுங்கள். பெட்டி கடைக்கு வருகிற அன்றே இணையத்திலும் ஏற்றிவிடுங்கள். எப்போது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமானால் இன்னும் நல்லது, வீட்டில் கேட்கிற ஆளுக்கு நானும் ஒரு திகதி சொல்லலாம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ரசிகன்

பி.கு.: அட்டைப்படத்தில் நாலு முகங்களும் நீண்டு இழுபட்டிருப்பது படம் எடுத்த றொபேர்ட் ஃப்ரீமன் அதை ஒளிபாய்ச்சிக் காட்டிய அட்டை சரிந்ததால் வந்தது, அதைப் பார்த்த நால்வரும் அப்படியே வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். மென்பொருள் கையில் இருக்கிறது என்பதற்காக அதையும் நிமிர்த்திவிடாதீர்கள்.