தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரப்பூர்,
ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய திரு. ஆ. மணி அவர்களுக்கும் திரு. கே. கோபிநாத் அவர்களுக்கும் வணக்கம்.

ஏப்ரல் 19 அன்று காலை ஏழு மணிக்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளைகள் முந்தின இரவே பேருந்தில் நின்றுகொண்டு ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். அன்று தருமபுரித் தொகுதியில் பதிவான வாக்கு 81 விழுக்காட்டைத் தாண்டியது. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அதுவே மிக அதிகம். அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவராக இதை எழுதுகிறேன்.

ஜூன் 4-ஆம் தேதி வந்த முடிவில் பாரதிய ஜனதா கட்சிக்கு 240 இடங்களே கிடைத்தன. பெரும்பான்மைக்கு வேண்டிய 272-ஐ எட்ட, 16 இடங்கள் வென்ற தெலுங்கு தேசமும் 12 இடங்கள் வென்ற ஐக்கிய ஜனதா தளமும் தேவைப்பட்டன. சென்ற மாதம் 23-ஆம் தேதி வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் ஆந்திரத் தலைநகர் அமராவதிக்கு 15,000 கோடி ரூபாயும், பீகாரின் சாலைத் திட்டங்களுக்கு 26,000 கோடி ரூபாயும் அறிவிக்கப்பட்டன. அந்த மாநிலங்களின் உறுப்பினர்கள் தங்கள் மக்களுக்காகக் கேட்டு வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டங்களின் கணக்கு ஏன் எப்போதும் இடறுகிறது என்பதே என் கவலை.

2014-இல் தமிழ்நாட்டில் தேசிய ஜனநாயகக் கூட்டணி வென்றவை இரண்டே தொகுதிகள். அவற்றில் தருமபுரியும் ஒன்று. ஆனால் அப்போது ஆளும் கட்சி தனியாகவே 282 இடங்கள் வைத்திருந்ததால், தோழமைக் கட்சியின் குரலுக்குப் பெரிய கனம் இல்லை. இன்று தோழமைக் கட்சிகளின் சொல்லுக்குக் கனம் இருக்கிறது. எங்கள் உறுப்பினர்களோ எதிர்வரிசையில் இருக்கிறீர்கள். எந்த அணியில் இருந்தாலும் கேட்டுப் பெறும் வழி ஒன்று எங்களுக்கு வேண்டும்.

மொரப்பூர்-தருமபுரி ரயில் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1906-இல் ஓடத் தொடங்கிய குறுகிய பாதை அது. உலகப் போர்க் காலத்தில், 1941-இல், மூடப்பட்டது. 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். இந்தத் தேர்தலிலும் அது வாக்குறுதியாகவே மேடையேறியது. சென்ற ஆண்டு, பென்னாகரம் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்காவைச் சென்னைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போனேன். இரண்டு பேருந்து மாறி மொரப்பூர் வந்து, எக்ஸ்ரே உறை வைத்த மஞ்சப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, இரவு வண்டி வரும்வரை நடைமேடைச் சிமெண்டு பெஞ்சில் அவர் படுத்துக் கிடந்தார். என் சித்தப்பாவின் காட்டில் பாதைக்காக நட்ட அளவைக் கல் நிற்கிறது. அந்த நிலத்தை விற்கவும் முடியவில்லை, அடகு வைக்கவும் முடியவில்லை. புதிதாக நான்கு தென்னம்பிள்ளை வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

திரு. மணி அவர்களே, நிலம் எடுத்துத் தரவேண்டியது மாநில வருவாய்த் துறை. மாநிலத்தை ஆள்வது உங்கள் கட்சி. ஆகவே இந்த வேலையில் பாதி டெல்லியில் இல்லை, சென்னையில் இருக்கிறது. இழப்பீடு யாருக்குக் கிடைத்தது, யாருக்கு நிலுவை என்பதை ஊர்வாரியாக எழுதி, அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் செய்யுங்கள். அதற்கு எந்தக் கூட்டணியின் தயவும் வேண்டாம்.

திரு. கோபிநாத் அவர்களே, 1936-இல் திருப்பத்தூர் பாதை மூடப்பட்டதிலிருந்து கிருஷ்ணகிரி நகரம் ரயிலைக் கண்டதில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை கேட்டு மக்கள் ஓய்ந்துவிட்டார்கள். இந்த இரண்டு கோரிக்கைகளையும் ஒரே மனுவாக்கி, நீங்கள் இருவரும் சேர்ந்தே ரயில்வே அமைச்சரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயிலும் மொரப்பூர் நிலையம் தெற்கு ரயில்வேயிலும் இருப்பதால், இரு மண்டல அதிகாரிகளையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசும் வேலையும் உங்களுடையதே.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். தருமபுரியில் சுமார் 21,000 வாக்குகளில் தோற்ற பாட்டாளி மக்கள் கட்சி, ஒன்றியத்தை ஆளும் கூட்டணியில் இருக்கிறது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள். அவர்களும் இதே பாதைக்குத்தான் காத்திருக்கிறார்கள். மனுவில் அந்தக் கட்சியினரின் கையெழுத்தையும் கேளுங்கள். எதிர்த்து நின்றவர்கள் என்ற எண்ணம் இதில் குறுக்கே வரவேண்டாம்.

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் இருவரின் பதில் அதற்குள் வந்து சேர்ந்தால், ஊரார் முன்னிலையில் அதை வாசிக்கிறோம்.

இப்படிக்கு,
மொரப்பூர் வட்டார வாக்காளர் ஒருவர்